மேஸ்திரி வீட்டுப் பெண்

ஜீவனஹள்ளியில் முனிரத்தினம் மேஸ்திரி வீடு எது என்று கேட்டால் இன்றைக்கும் ஆட்டோக்காரர்கள் கை காட்டுவார்கள். மேஸ்திரி போய்ச் சேர்ந்து ஐம்பத்தொரு வருடம் ஆகிறது. வீட்டையும் இரண்டு தடவை இடித்துக் கட்டியாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பேர் நிற்கிறதென்றால் அதற்குக் காரணம் மகன் அய்யாவு. எழுபது வயதிலும் இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் பால் பாக்கெட் வாங்கக்கூட அவர் தெருவில் இறங்கியதில்லை. தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்து, ஒரு நாளும் தாமதமாகப் போகாதவர். கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் நிறைந்த தெரு அது. "வேலை கேட்டுப் போன வூடு இல்ல இது, வேலை குடுத்த வூடு" என்று அவர் சொல்வார். சொன்னதோடு விடமாட்டார். சாட்சியாக ஒரு கதையும் வைத்திருந்தார்.

முனிரத்தினம் எட்டு ஆட்களை வைத்துக்கொண்டு பங்களாக்களுக்கு வெள்ளையடித்தவர். ஒரு நாள் சாரத்தின் மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அப்போது அய்யாவுக்குப் பத்தொன்பது வயது. உடலை வாசலில் கிடத்தியிருந்தார்கள். அந்த நேரத்தில் வைட்ஃபீல்ட் பக்கத்திலிருந்து ஒரு கன்னடக்காரப் பெண் ஓடி வந்தாள். இரும்பு கேட்டைப் பிடித்துக்கொண்டு, எஜமான் போய்விட்டாரே என்று கதறி மண்ணில் விழுந்தாள்.

"யாரு அவ? நமக்கு இன்னா ஒறவு? ஒண்ணும் கெடையாது" என்பார் அய்யாவு. "நைனா கிட்ட சித்தாளு வேலை செஞ்சவ. வேலைக்காரி எஜமானுக்காக மண்ணுல பொரண்டு அழுதான்னா, எப்படியாப்பட்ட எஜமானா இருந்திருக்கணும்!"

கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். காதுகுத்து, கல்யாணம், பணி ஓய்வு விருந்து என்று நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் இந்தக் கதை வந்துவிடும். எல்லாத் தடவையும் அவர் அதைத் தமிழில்தான் சொன்னார்.

பேத்தி சங்கமித்ராவுக்குச் சம்பந்தம் பேச வந்தபோதுதான் அது மாறியது. அவள் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் நரேஷைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். நல்ல பையன், துமகூருப் பக்கத்துக் கன்னடக் குடும்பம். அப்பா பத்ரிநாத் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அம்மா வீணா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் வந்தார்கள்.

அய்யாவு பேசிய கன்னடத்தைக் கேட்டு பத்ரிநாத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளே இவ்வளவு சுத்தமாகப் பேசமாட்டார்கள் என்றார். அய்யாவுக்கு முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. பிறந்து வளர்ந்த ஊரின் பாஷை தெரியாமல் போகுமா? பேச்சு குடும்பப் பெருமைக்கு வந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கதையை ஆரம்பித்தார். கன்னடத்தில்.

சாரம் வந்தது, வாசல் வந்தது, கேட் வந்தது. தமிழில் சொல்லும்போது அந்தப் பெண்ணின் அழுகையை மொழிமாற்றிச் சொல்லவேண்டியிருந்தது. இப்போது அந்த அவசியம் இல்லை. அவள் வாயிலிருந்து வந்தது வந்தபடியே அவர் வாயிலிருந்தும் வந்தது.

"நம் யஜமான்ரு ஹோக்பிட்ரு..."

வீணா கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"அய்யோ பாப! மக்ளு இத்ரா?" என்றாள். அடப் பாவமே, பிள்ளைகள் இருந்தார்களா?

அய்யாவு கதையை அங்கேயே விட்டார்.

எஜமான் செத்தால் வேலைக்காரியின் பிள்ளைகளைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. புருஷன் செத்தால்தான் விசாரிப்பார்கள். கன்னட வீடுகளில் பெண்கள் புருஷனின் பேரைச் சொல்லாமல் யஜமான்ரு என்பார்கள். ஜீவனஹள்ளியில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் அது தெரியும். யஜமான்ரு வெளியூர் போயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டம்மாள் அன்று காலையில் சொன்னபோது, அவளுடைய முதலாளி எங்கே போனார் என்றா அய்யாவு நினைத்தார்? எல்லார் வாயிலும் சரியாகக் கேட்ட சொல்லை ஒரே ஒருத்தியின் வாயில் மட்டும் ஐம்பத்தொரு வருடமாகத் தவறாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகன் தினேஷ் சட்டென்று நடுவில் புகுந்தான். "இல்ல ஆன்ட்டி, அவங்க வேலைக்காரி. கெலஸதவளு" என்று சிரித்தான். பத்ரிநாத்தும் சிரித்தார். வீணா மட்டும் அய்யாவின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டாள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை அவர் பெண்டாட்டி சரசு முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அய்யாவு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"சரசு, அந்தப் பொம்பள இடுப்புல ஒரு கொழந்த இருந்துச்சு."

"இருந்துச்சு" என்றாள் சரசு, கீரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"ஒனக்கு எப்டி தெரியும்?"

"அத்தைதான் சொன்னாங்க. நான் இந்த வூட்டுக்கு வந்த மொத வருஷமே சொல்லிட்டாங்க. பாக்யம்மான்னு பேரு. பொண்ணு பேரு நாகரத்னா."

அய்யாவு நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.

"உகாதிக்கு வூட்ல இருக்கற பொம்பளைங்களுக்கு மேல ஒரு பொடவ எடுப்போமே, அது யாருக்குன்னு ஒரு வாட்டியாவது கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. ஒவ்வொரு வருடமும் அவர்தான் கடைக்குக் கூட்டிப் போவார். பையைத் தூக்கி வருவதும் அவர்தான்.

"தெருக்கோடி வூட்டு ஜெயராமன் அண்ணன்தான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வருவாரு. அத்தை போனப்புறம் நான் நிறுத்தல. நாலு வாட்டி நானே போயிருக்கேன்." சரசு உருவிய காம்பை ஓரமாகப் போட்டாள். "அவருக்குத் தெரியும். பக்கத்து வூட்டு பியாட்ரிஸுக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். நீங்க ஒருத்தருதான் கேட்டுல காவல் நின்னுக்கினு இருந்தீங்க. உண்ம உள்ள வந்துடும்னு பயந்தீங்களே, அது எப்பவோ உள்ள வந்து கை கழுவிச் சாப்ட்டாச்சு."

அய்யாவு எழுந்து கேட் வரை நடந்தார். இந்தக் கேட் புதியது. பழைய கேட்டில் அன்று கண்ணாடி வளையல்கள் உடைந்தன. சித்தாள் யாருக்காகவும் வளையலை உடைப்பதில்லை. அம்மா நிலைப்படிக்கு வந்து பார்த்தாள். பிணத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிற தெருவுக்கு ஏதாவது சொல்லியாகவேண்டும். "வேலைக்காரி. எஜமான்னு அழுவறா" என்று தமிழில் சொன்னாள். பத்தொன்பது வயது அய்யாவு உள்ளே ஓடி, வேலையாட்களுக்கென்று வைத்திருந்த அலுமினிய லோட்டாவில் காபி கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே நீட்டினார். அந்தக் குழந்தை அவரை நிமிர்ந்து பார்த்தது. நைனாவின் நெற்றி, நைனாவின் புருவம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நைனாவின் ஆட்கள் அவரை எஜமான் என்று கூப்பிட்டதே கிடையாது. "மேஸ்திரி, மேஸ்திரி" என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மா ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு வாழ்நாளெல்லாம் புடவை அனுப்பி அதைக் கழுவிக்கொண்டாள். அவரோ அதே வார்த்தையை நூறு சபையில் சொல்லிச் சொல்லி மேடை கட்டி, அதன் மேல் ஏறி நின்றுவிட்டார். கூட நின்றவர் யாருமில்லை. பெண்டாட்டியும் தெருவும் ஒரு வீட்டில் இருந்தார்கள். அவர் தன்னந்தனியாக வேறொரு வீட்டில் இருந்திருக்கிறார்.

வேறு ஆளாக இருந்தால் அதோடு கூனிப்போயிருப்பான். அய்யாவின் முதுகு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அவருக்குக் கோபம்தான் வந்தது, நல்ல கோபம். முனிரத்தினம் மேஸ்திரிக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளை வெளியில் நிறுத்தி வைத்துவிட்டு மானம், மரியாதை என்று பேசியிருக்கிறோம்! நைனா இரண்டு குடும்பம் வைத்தது அவர் தப்பு. மகளைக் கேட்டுக்கு வெளியே விட்டது இந்த வீட்டின் தப்பு. இரண்டாவதைத் திருத்தலாம்.

அன்று சாயங்காலமே மகனையும் பேத்தியையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"நிச்சயதார்த்தத்துல மொத தட்டு நாகரத்னாதான் எடுப்பா."

தினேஷுக்கு முகம் வெளுத்தது. அவர்கள் வழக்கத்தில் வரிசைத் தட்டுகளில் முதல் தட்டை அந்த வீட்டில் பிறந்த பெண்தான் எடுத்து முன்னே நடக்கவேண்டும். அய்யாவுக்குக் கூடப்பிறந்தவள் இல்லை, தினேஷுக்கும் இல்லை என்பதால், அவன் கல்யாணத்தில் ஜெயராமனின் பெண்டாட்டியைத்தான் இரவல் வாங்கினார்கள்.

"நைனா, அவங்க வாத்தியார் குடும்பம். யாருன்னு கேப்பாங்களே. இப்ப போயி தாத்தாவோட ரெண்டாவது... வேணாம் நைனா. சம்பந்தம் கெட்டுச்சுன்னா?"

"அதுக்குத்தான் பொண்ணையும் உக்கார வெச்சிருக்கேன். அவ சொல்லட்டும்."

சங்கமித்ரா தாத்தா பக்கம் திரும்பினாள். "இதுக்காகப் போறவங்கன்னா இப்பவே போவட்டும் தாத்தா. நான் நரேஷ்கிட்ட முன்னாடியே சொல்லிடவா?"

"வேணாம்மா. சபையில சொன்ன பொய்யி. சபையிலதான் திருத்தணும். சொன்ன வாயாலதான் திருத்தணும்."

"சபைன்னு சொல்லிக்கினு பொண்ணு வாழ்க்கைய..." என்று தினேஷ் ஆரம்பித்தான்.

"டேய்" என்றார் அய்யாவு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் சரசு ஒரு புடவைப் பையை அவர் கையில் திணித்தாள். "இந்த வாட்டி நீங்களே எடுத்துக்கினு போங்க."

பையப்பனஹள்ளியில் மெட்ரோ ஏறி காடுகோடியில் இறங்கினார். உட்கார இடம் கொடுத்த பையனுக்கு நன்றி சொல்லிவிட்டு நின்றுகொண்டே போனார். நைனா சைக்கிளில் சுண்ணாம்பு வாளியோடு போன பாதைக்கு மேலே ரயில் பறந்தது.

நாகரத்னா அரசுப் பள்ளியில் மதிய உணவு சமைப்பவள். அவர் போனபோது பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கிற நேரம். தலையில் துணி கட்டிக்கொண்டு சாம்பார் அண்டாவைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அந்த நெற்றியும் புருவமும் அப்படியே இருந்தன.

"யாரு பேக்கு? யாரு வேணும்?"

"ஜீவனஹள்ளியிலேர்ந்து வர்றேன். அய்யாவு."

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஓ. லோட்டாவுல காபி குடுத்தவரு."

"உனக்கு நெனவு இருக்கா? நாலு வயசு இருக்கும்."

"நெனவு இல்ல. அம்மா சொல்லும். காபி சூடா இருந்துச்சுன்னு சொல்லும். வேற எதுவும் சொல்லாது." அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "கூத்கொள்ளி. உக்காருங்க. சரசு அண்ணிக்கு ஒடம்பு சரியில்லையா, நீங்க வந்திருக்கீங்க?"

சரசுவை அண்ணி என்கிறாள். அய்யாவு உட்கார்ந்தார். பேத்தியின் நிச்சயதார்த்தத்தைச் சொன்னார். நாளைச் சொன்னார். முதல் தட்டைப் பற்றியும் சொன்னார்.

நாகரத்னா சேலை முந்தானையில் கையைத் துடைத்தாள். "நம் யஜமான்ரு ஆட்டோ ஓட்டறாங்க. அவங்கள கேட்டுட்டுத்தான் நான் சொல்லணும்."

அய்யாவு சிரித்துவிட்டார். வாய்விட்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். தட்டுக் கழுவ வந்த பிள்ளைகள் நின்று பார்த்தார்கள்.

"ஏன் சிரிக்கிறீங்க? ஆட்டோன்னா கேவலமா?"

"அய்யோ, இல்லம்மா. இந்த ஒத்த சொல்லுக்கு அர்த்தம் கத்துக்க எனக்கு அம்பத்தோரு வருஷம் ஆச்சு. இப்ப சரியா கேட்டுச்சு. அதான்."

அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. மேஸ்திரியின் மகளல்லவா?

"சரி. நான் அங்க வந்து நின்னா நாலு பேரு யாருன்னு கேப்பாங்க. என்னான்னு சொல்லுவீங்க? வேலைக்காரி பொண்ணுன்னா?"

"தங்கச்சின்னு சொல்லுவேன்."

"இங்க சொல்லிட்டீங்க. இங்க இந்த அண்டாவும் பசங்களும்தான் கேக்குது. அங்க சொல்லுங்க, பாக்கலாம்." அவள் விரலை நீட்டினாள். "வர்றேன். ஆனா கடைசி வரிசையிலதான் ஒக்காருவேன். கூப்டா முன்னால வருவேன். கூப்டலன்னா சாப்ட்டுட்டு, பாயசம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு, போய்க்கினே இருப்பேன்."

"கூப்டுவேன்" என்றார் அய்யாவு.

"பாக்கலாம், பாக்கலாம்" என்றாள். புடவைப் பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

நிச்சயதார்த்தம் காக்ஸ் டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஜீவனஹள்ளிச் சனம் பாதி, துமகூருச் சனம் பாதி. மேடையில் புத்தர் படத்துக்குக் கீழே பதினொரு வரிசைத் தட்டுகள். பெண் வீட்டுப் பெரியவர் நிச்சயப் பத்திரிகையைப் படித்து, யார் வீட்டுப் பெண்ணை யார் வீட்டுப் பையனுக்குக் கொடுக்கிறோம் என்று சபைக்குச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டு நகரும். தினேஷ் கணினியில் அடித்த தாளை நீட்டினான். அய்யாவு அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து தன் கைப்பட எழுதிய தாளை எடுத்தார். தினேஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

நாகரத்னா வந்திருந்தாள். சொன்னபடியே கடைசி வரிசை. பக்கத்தில் காக்கிச் சட்டையை மாற்றி வெள்ளைச் சட்டை போட்ட புருஷன்.

அய்யாவு படிக்க ஆரம்பித்தார். தேதி, இடம், சபையோருக்கு வணக்கம், எல்லாம் கணீரென்று வந்தன. "ஜீவனஹள்ளி, காலஞ்சென்ற முனிரத்தினம் மேஸ்திரி" என்பது வரை குரல் ராஜநடை போட்டது. அடுத்த வரிக்கு வந்ததும் முன் வரிசையில் பத்ரிநாத்தின் வெள்ளை வேட்டியும் வீணாவின் பட்டும் கண்ணில் பட்டன. பக்கத்தில் சங்கமித்ரா உட்கார்ந்திருந்தாள். எழுபது வருடமாக நிமிர்ந்தே இருந்த குரல் தடுக்கியது. வரியை விழுங்கி விழுங்கிப் படித்தார். உதடு அசைந்தது, சத்தம் சட்டைக் காலரைத் தாண்டவில்லை.

மண்டபத்தின் கடைசியிலிருந்து, இருநூறு பிள்ளைகளைப் பந்தியில் உட்காரவைத்துப் பழகிய குரல் ஒன்று எழுந்தது.

"அண்ணா! கேக்கல!"

இரண்டு ஊர்ச் சனமும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தது. சமையற்கட்டில் பாத்திரம் உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நாகரத்னா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கண் சிமிட்டவில்லை.

அய்யாவு தாளை ஒரு தடவை உதறினார். மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி வாய்க்கு நேரே பிடித்தார். அந்த வரியை முதலிலிருந்து படித்தார்.

"ஜீவனஹள்ளி, காலஞ்சென்ற முனிரத்தினம் மேஸ்திரி, அவர் மனைவியர் ராஜம்மாள், பாக்யம்மா. இவர்களுடைய பிள்ளைகள் அய்யாவு, நாகரத்னா. இந்த வீட்டுப் பேத்தி சங்கமித்ராவை..." அங்கே நிறுத்தினார். தாளில் இல்லாததைச் சொன்னார். "இத்தனை வருஷமா எங்க நைனாவ எஜமான்னு ஒருத்தி அழுதான்னு உங்க எல்லாருக்கும் கதை சொன்னேன். அது கதை. அந்தம்மா எனக்குச் சின்னம்மா. பின்னால நிக்கறது என் தங்கச்சி. தங்கச்சி, முன்னால வாம்மா. மொத தட்டு உன்னுது."

ஜீவனஹள்ளி வரிசையில் முதலில் கை தட்டியது ஜெயராமன். எண்பது வயதுக் கை, ஆனாலும் சத்தம் பலமாக வந்தது. பியாட்ரிஸ் விரலை வாயில் வைத்து விசிலே அடித்துவிட்டாள். பத்ரிநாத்துக்குத் தமிழ் பாதிதான் புரிந்தது. அவர் மனைவி பக்கம் சாய்ந்து விவரம் கேட்டார்.

"நானு அவத்தே ஹேளித்னல்ல" என்றாள் வீணா. நான்தான் அன்றைக்கே சொன்னேனே! பிறகு பத்ரிநாத் எழுந்தார். தன் நாற்காலியை ஓரம் தள்ளி வழிவிட்டு, நடந்து வருகிறவளுக்குக் கை கூப்பினார். தினேஷ் மூடிய கண்ணைத் திறந்து பார்த்தான். சம்பந்தம் அப்படியே இருந்தது. அவனே ஓடிப்போய்த் தட்டை எடுத்து, "அத்தை, பழம் சாயுது, பாத்துப் புடிங்க" என்று நாகரத்னாவின் கையில் வைத்தான்.

"சாம்பார் அண்டாவே புடிச்சவ, பழத்தட்டு இன்னா கனம்?" என்றாள் அவள். தட்டை மார்புக்கு நேரே உயர்த்திக்கொண்டு, மேஸ்திரி நடக்கிற மாதிரி முதுகை வளைக்காமல் நடந்தாள். மற்றப் பத்துத் தட்டுகளும் அவள் பின்னால் போயின.

மண்டபத்துக்காரர் வந்து மைக்கைக் கேட்டார். நாதஸ்வரத்துக்கு வைக்கவேண்டுமாம். அய்யாவு கொடுக்கவில்லை. துமகூருச் சனத்தின் பக்கம் திரும்பி நின்று, தாளை மறுபடி விரித்து, அதே வரியை முதலிலிருந்து கன்னடத்தில் ஆரம்பித்தார்.